கல்லில் தீ இல்லை

நேயர்களுக்கு வணக்கம். பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேசச் சொல்லிப் 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி என்றதும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். நான் சொல்லப்போகிற துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்தது கிடையாது. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கதை.

நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. ஓர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கிடங்கில் பல வருடம் துரு துடைத்து எண்ணெய் போட்டவன். எண்ணெய்த் துணிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கிறவன் கைக்குத் தெரிகிற சில விஷயங்கள் பதிவேட்டுக்குத் தெரியாது.

அந்தக் கிடங்கில் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி இருந்தது. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்கிற ரகம். '18-ஆம் நூற்றாண்டு' என்று சீட்டு கட்டியிருந்தார்கள். குழல் 30 அங்குலம். எனக்கு அங்கேயே கொஞ்சம் இடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகச் செய்யவைத்த துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். பிரான்சோடு சண்டை மூண்டு துப்பாக்கி போதாமல் போனபோது, பிரிட்டிஷ் படையே 1797-இல் அந்த மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டது. சரி, குட்டைக் குழலும் உண்டு, குதிரைப் படைக்கு. நீளத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

ஒரு நாள் காலிப்பரை எடுத்து வாயின் உள்ளே அளந்தேன். 17 மில்லிமீட்டரும் சொச்சமும். கொஞ்சம் உள்ளே தள்ளி அளந்தால் பதினெட்டரை. வாய் குறுகலாக இருக்கிறது! கெட்டிக்கிற துப்பாக்கிக்கு எதற்கு அப்படி? வாய் வழியாகத்தானே எல்லாம் உள்ளே போக வேண்டும்? வாயைக் குறுக்குவது தோட்டா போடுகிற ஷாட்கன்னுக்கான உத்தி. சிறு ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் போவதற்காக. இங்கிலாந்தில் அது பரவலானது 1870-களில், பர்மிங்காம் கிரீனர் போன்றவர்கள் கையால். சக்கிமுக்கியோ 1840-களிலேயே பிரிட்டிஷ் படையில் விடைபெற ஆரம்பித்துவிட்டது. பேரனின் சட்டையைத் தாத்தா போட்டிருக்கிறார்!

மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றினேன். ஒரு பக்கம் நெடுக வெள்ளீயப் பற்று ஒரு கோடாக ஓடுகிறது. இன்னொரு குழலோடு ஒட்டியிருந்த தடம். அப்புறம் சந்தேகமே இல்லை. இரட்டைக் குழல் ஷாட்கன் ஒன்றைப் பிரித்து ஒரு குழலை இதில் வைத்திருக்கிறார்கள். அளவும் பொருந்துகிறது பாருங்கள். 12 போர் என்று சொல்கிறார்களே, அது என்ன கணக்கு? ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை என்ன பருமனோ, அதுதான் குழலின் உள்ளளவு. பதினெட்டரை மில்லிமீட்டர். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி அதைவிட அரை மில்லிமீட்டர்தான் பெரிது. பழைய ஷாட்கன் குழலைப் பார்த்ததும் 'இதில் ஒரு சக்கிமுக்கி செய்தால் என்ன' என்று கை ஊறுவது அதனால்தான். அமெரிக்காவில் இதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேட்டுவிட்டு யாரும் பரணில் கிடக்கிற குழலை இறக்கிவிட வேண்டாம். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் குற்றம், மாற்றுவதும் குற்றம். அது போகட்டும். ஷாட்கன் குழல் தோட்டா உட்காரும் இடத்தில் தடிப்பாகவும் வாய்ப் பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும். பழைய டமாஸ்கஸ் குழலோ, இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டையைச் சுற்றிச் சுற்றி அடித்து ஒட்டியது. மேலே அழகான நெளிக்கோலம். ஒட்டின் உள்ளே எங்கே விரிசல் என்று கண்ணுக்குத் தெரியாது. அதில் கருமருந்துக்குப் பதில் இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை அதே கரண்டியால் அளந்து போட்டால் குழல் பிளக்கும். பக்கத்தில் இருப்பது நம் கை.

சரி, குழல் கதை முடிந்தது. அந்தத் துப்பாக்கி வெடித்ததில்லை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

எல்லாரும் குழலைத்தான் பார்க்கிறார்கள். விஷயம் குழலில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிற பொறியில் இருக்கிறது. தமிழில் அதன் முக்கிய உறுப்புக்குக் குதிரை என்று பெயர். ஆங்கிலேயர்கள் சேவல் என்கிறார்கள், ஜெர்மானியர்களும் அப்படியே. கொத்துவதைப் பார்த்தால் சேவல்தான் சரி. ஆனாலும் நம் குதிரையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கிற எஃகுத் தகட்டைச் சீவும். தகடு விலகும், அதன் கீழே மூடியிருந்த சின்னக் கிண்ணம் திறக்கும், கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. தீப்பொறி அதில் விழுந்து பற்றி, ஒரு துளை வழியாகக் குழலுக்குள் தீ போகும்.

இப்போது ஒரு கேள்வி. தீ எங்கிருந்து வந்தது? கல்லிலிருந்து என்பீர்கள். இல்லை. கல்லில் தீ இல்லை. தெருவில் சாணை பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கத்தியை வைத்ததும் பொறி பறக்கும். எரிவது சாணைக்கல் அல்ல, கத்தியின் எஃகு. தூள் தூளாகச் சீவப்பட்டு, சூடேறி, காற்றிலேயே எரிகிறது. இங்கேயும் அதேதான். கல் வெறும் கத்தி; விறகு எஃகு. சிகரெட் லைட்டரில் 'கல்லு தேஞ்சு போச்சு' என்று மாற்றுகிறோமே, அது கல்லே இல்லை, ஓர் உலோகக் கலவை. அங்கே சக்கரம் சீவுகிறது, 'கல்' எரிகிறது. அப்படியே தலைகீழ். அடுப்பு பற்றவைக்கிற கேஸ் லைட்டர் மின்பொறி, அது வேறு சாதி.

ஆகவே தகடு சரியில்லை என்றால் உலகத்தின் சிறந்த கல்லை வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. தகட்டின் முகம் கரிச்சத்து ஏறிய, நன்றாக வாட்டிக் கடினமாக்கிய எஃகாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கொல்லர்கள் எலும்புக் கரிக்குள் புதைத்துச் சூடேற்றி அந்தக் கரியை ஏற்றுவார்கள். பச்சை இரும்பாக இருந்தால் கல் அதை உழும், பொறி வராது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்யக்கூடாததுதான், ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்லலாம். மருந்து எதுவும் இல்லாமல், புதுக் கல் ஒன்றை மாட்டி, கிடங்கு விளக்கை அணைத்துவிட்டு விசையை இழுத்தேன். டக். இருட்டு. இன்னொரு தடவை. டக். மூன்றாவது தடவையும் இருட்டுத்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தகட்டில் சோப்பில் நகம் கீறியது போல மூன்று பளபளப்பான கோடுகள். மூன்றும் என்னுடையவை. அதற்கு முன் ஒரு கீறல்கூட இல்லை. கிண்ணத்திலும் கருமருந்து அரித்த தடமே இல்லை. கருமருந்து அரிக்காமல் விடாது. குழல் அதன் பழைய ஜென்மத்தில் எத்தனை கொக்கைச் சுட்டதோ! இந்தத் துப்பாக்கி பிறந்ததே சுவரில் தொங்க.

மேலதிகாரியிடம் சொன்னேன். "சீட்டு அப்படியே இருக்கட்டும், விடுங்க" என்றார்.

அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் கதையை விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டேன். வாத்து வேட்டைக்காரர். கிண்ணத்தில் மருந்து பற்றுகிற மின்னலைப் பார்த்ததுமே பறவைகள் முழுகிவிடுகின்றன, ரவை போய்ச் சேர்வதற்குள். அந்த எரிச்சலில் அடி பட்டாலே வெடிக்கும் மருந்தை வைத்து வேறொரு பொறி செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். சக்கிமுக்கிக்கு முடிவு அங்கே ஆரம்பம். அப்புறம் இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊர். துப்பாக்கிக் கல் உடைப்பதே தொழில். படைகள் கைவிட்ட பிறகும் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து 20-ஆம் நூற்றாண்டு வரை அந்தத் தொழில் ஓடியது. உடைத்தவர்களின் நுரையீரலைக் கல்தூசி தின்றது. கண்டியில் சிங்களக் கொல்லர்கள் இந்தப் பொறியை இடது பக்கம் வைத்ததைச் சொல்ல இப்போது நேரமில்லை. வணக்கம்.