அந்த வரி கற்பனையில் வராது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். படைப்புக்குப் பெரிதும் பலம் சேர்ப்பது கற்பனையா, சொந்த உணர்வா என்பது கேள்வி. நான் சொந்த உணர்வின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஆணாகப் பிறந்த இளங்கோ எந்தக் கணவனை இழந்துவிட்டுக் கண்ணகியை எழுதினார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

புறநானூற்றின் 245ஆம் பாட்டு. பாடியவன் சேர மன்னன், கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி பெருங்கோப்பெண்டு இறந்துவிட்டாள். கள்ளி வளர்ந்த களர்நிலச் சுடுகாட்டில் விறகடுக்கித் தீமூட்டி, அவளைக் கிடத்தியாயிற்று. இப்போது அவன் என்ன சொல்ல வேண்டும்? ‘என் உயிரும் உன்னோடு போயிற்று, உலகமே இருண்டது.’ கற்பனை செய்து எழுதுபவருக்கு முதலில் வருவது இதுதான். நமக்கும் சினிமாவில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

மாக்கோதை அப்படிச் சொல்லவில்லை. என் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன, என் உயிரை எடுக்கும் அளவுக்கு அதற்கு வலு இல்லையே என்கிறான். அவள் போய்விட்டாள், ‘இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே!’ நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று தன்னையே கேட்கிறான்.

எழவு வீட்டில் பசியெடுத்து, காபி வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம் கூசிப்போனவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அழுகையை யாரும் கற்பனை செய்துவிடலாம். தன் துயரம் போதவில்லையே என்ற கூச்சம் பட்டவனுக்குத்தான் தெரியும்.

"சொந்தக் கதையைக் கொட்டினால் அது டைரி, இலக்கியம் இல்லை" என்றும் சொன்னார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். கொட்டச் சொன்னது யார்? மாக்கோதையின் பாட்டு ஏழே அடி, அதுவும் அகவல் என்ற பா வடிவத்துக்குள் அடங்கி நிற்கிறது.

சார்லஸ் டிக்கன்ஸைப் பாருங்கள். 1824இல் அப்பா கடனுக்காகச் சிறையில். 12 வயதுப் பையன் லண்டனில் ஷூ பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப் போனான். அந்த அவமானம் உலகத்துக்குத் தெரிந்ததே 1870இல் அவர் இறந்த பிறகுதான். ஆனால் 1849இல் எழுதத் தொடங்கிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் ஒரு சிறுவன் மது வியாபாரக் கிடங்கில் புட்டி கழுவுகிறான். பாலிஷ் மதுவாயிற்று, டப்பா புட்டியாயிற்று. கற்பனை செய்த வேலை அது. அவமானத்தை மட்டும் அவர் மாற்றவில்லை.

இளங்கோவுக்கும் இதுதான் பதில், ஐயா. கண்ணகியை எழுதக் கணவனை இழக்க வேண்டாம். ஏதோ ஓர் அநியாயத்தின் முன் நின்று கொதித்திருந்தால் போதும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். யாரையும் எதையும் இழக்காத ஒருவர் எழுதி, ‘இன்னும் வாழ்வல்’ பக்கத்தில் வைக்கத் தகுந்த ஒரு வரியைக் கொண்டு வாருங்கள். கொண்டு வந்தால் இந்த மேடையிலேயே நான் கட்சி மாறுகிறேன். நன்றி, வணக்கம்.