காலையில் மட்டும் சிக்கும் பேப்பர்

நேயர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்களுக்குள்ளும், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கும் அறிவு எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். நான் நிர்வாகவியல் படித்தவன் இல்லை. மதுரையில் 30 வருடம் ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்த்தவன். ஜெராக்ஸ் என்பது ஒரு அமெரிக்க கம்பெனியின் பெயர். நமக்கு அது வேலையின் பெயராகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கும் நான் பேசப்போகும் விஷயத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பேப்பர் ஜாம் கதை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஐப்பசி, அடைமழை. ஒரு வங்கிக் கிளையிலிருந்து தினமும் காலையில் போன் வரும்: பேப்பர் சிக்குகிறது. நான் மற்ற வேலைகளை முடித்துவிட்டுப் போய்ச் சேர பதினொரு மணி ஆகிவிடும். போய்ப் பார்த்தால் மிஷின் சமர்த்தாக ஓடும். மேனுவலில் போட்டிருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேப்பரை இழுக்கிற ரப்பர் ரோலரை மாற்றினேன், சென்சாரைத் துடைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி போன். இன்னொரு ரோலர் போட்டேன். மேலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒன்பது மணி வரைக்கும் மெக்கானிக்குகள் எல்லோரும் அங்கேதான். என் சீனியர் ஒருவர் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் புலம்பினேன். வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "காலையில மட்டும்தானே? சாயங்காலம் பேப்பரை ட்ரேயிலயே விட்டுட்டுப் போறாங்களான்னு பாரு."

விட்டுவிட்டுத்தான் போனார்கள். பகல் முழுக்க ஏ.சி. ஓடும், ராத்திரி அணைத்துவிடுவார்கள். மழைக்காற்றின் ஈரத்தைப் பேப்பர் விடிய விடியக் குடிக்கும். காலையில் மேலே இருக்கிற தாள்கள் நமுத்து வளைந்து கிடக்கும், சிக்கும். அந்தத் தாள்கள் தீர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். பதினொரு மணிக்குப் போகிறவனுக்கு அது எங்கே தெரியும்? சாயங்காலம் பேப்பரை எடுத்து அலமாரியில் வையுங்கள், உள்ளே பேப்பரில் படாத தூரத்தில் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன் நின்றுபோனது.

மேனுவலையும் குறை சொல்ல முடியாது. 'பேப்பரை ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்' என்று முன்பக்கத்தில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. காலையில் மட்டும் சிக்கினால் என்ன அர்த்தம் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

இந்த அண்ணன் ஓய்வு பெற்றபோது கம்பெனி அவரிடம் ஒரு படிவம் கொடுத்தது. 'பணியில் கற்ற முக்கிய அனுபவங்கள்' என்று தலைப்பு, கீழே பத்துக் கோடு. அண்ணன் நான்கு வரி எழுதினார். முதல் வரி, மிஷினைச் சுத்தமாக வைக்க வேண்டும். மற்ற மூன்றும் ஏறக்குறைய அதேதான். சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டால் யாருக்குத்தான் சொல்ல வரும்? மிஷின் இப்படிப் பண்ணுதே அண்ணே என்று கேட்டால்தான் வரும்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். ஜெராக்ஸ் கம்பெனிக்குக் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ என்ற ஊரில், 1970-லிருந்து ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே ஜூலியன் ஆர் என்று ஒரு மானிடவியலாளர். மானிடவியல் படித்தவர்கள் தீவுக்கும் காட்டுக்கும் போய் மக்களோடு தங்குவார்கள். இவர் 1980-களில் ஜெராக்ஸ் மெக்கானிக்குகளோடு சுற்றினார். கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்றால், மிஷின் ஒரு பிழை எண்ணைக் காட்டும், மெக்கானிக் மேனுவலில் அந்த எண்ணைப் பார்த்து அதன்படி செய்வார். இவர் பார்த்தது வேறு. சேர்ந்து சாப்பிடுகிற நேரத்தில் மெக்கானிக்குகள் மிஷின் கதை பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தடவை மிஷின் காட்டிய பிழை எண்ணே ஆளைத் தப்பான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வந்த மெக்கானிக்கும் அவர் கூப்பிட்ட நிபுணரும் மிஷின் முன்னால் நின்று, அதற்கு முன் பார்த்த மிஷின்களின் கதைகளை மணிக்கணக்கில் மாறி மாறிச் சொல்லித்தான் கோளாறைப் பிடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு. எங்கள் டீக்கடையையும் மேலிடம் அப்படித்தான் சொல்லும்.

அப்புறம் சில மெக்கானிக்குகளுக்கு எப்போதும் திறந்தே இருக்கும் வயர்லெஸ் ரேடியோ கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கேட்கிற சந்தேகம் எல்லோர் காதிலும் விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயே திறக்காமல் கேட்டுக் கேட்டே தொழில் பழகினார்கள். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இதே மையம், கோளாறைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றையும் அந்தக் காலத்திலேயே செய்து மெக்கானிக்குகளிடம் காட்டியது. அவர்கள் வியந்தார்கள், ஆனால் எங்களுக்கு இது உதவாது என்றார்கள். மேனுவலில் இருக்கிற கோளாறு எங்களுக்கே தெரியும், மேனுவலில் இல்லாததுதான் தலைவலி என்பது அவர்கள் கட்சி. அதன்பிறகு வந்ததுதான் 'யுரேகா'. 1990-களில் பிரான்சில் தொடங்கியது. மெக்கானிக் தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார், தேர்ந்த ஆட்கள் சரிபார்ப்பார்கள், சரி என்றால் கணினியில் ஏறும், எல்லா மெக்கானிக்குகளும் பார்க்கலாம். எழுதினால் பணம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது மெக்கானிக்குகளே வேண்டாம் என்றார்கள். குறிப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் இருந்தால் போதும்.

பிரேசிலில் ஒரு மெக்கானிக் 40,000 டாலர் பெறுமான கலர் மிஷின் ஒன்றோடு மல்லாடி, கடைசியில் மிஷினையே மாற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். கனடாவில் மான்ட்ரியாலிலிருந்து ஒருவர் எழுதிய குறிப்பு யுரேகாவில் கண்ணில் பட்டது. ஒரு டாலர்கூடப் பெறாத ஒரு பாகத்தை மாற்றினார், மிஷின் ஓடியது.

பெயரா பணமா என்பதில் எனக்கும் அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் ஆலோசனைப் பெட்டி வைத்து, ஒரு யோசனைக்கு 50 ரூபாய் என்று அறிவித்தார். ஒரே மாதத்தில் பெட்டி நிறைந்தது. 'கண்ணாடியைத் துடைக்கவும்' என்பதையே ஏழு பேர் எழுதியிருந்தோம். ஆமாம், நானும்தான்.

இனி, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு. டீக்கடையில் போட்டிக் கம்பெனி ஆட்களும் நிற்பார்கள். ரேட்டைச் சொல்ல மாட்டோம். எந்த வாடிக்கையாளர் கோபத்தில் இருக்கிறார் என்பதையும் சொல்ல மாட்டோம். ஆனால் காப்பியில் கறுப்புக் கோடு விழுது என்று ஒருவன் தலையைச் சொறிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இன்றைக்கு நான் சொன்னால் நாளைக்கு அவன் சொல்வான்.

இதை ஒளிவு மறைவில்லாமல், ஒரு தனி வேலையாகவே செய்கிற இடம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அங்கே 'லைகோ' என்ற நிறுவனம் உருவானது. மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் முக்கியமான வேலை. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளோடு வேலை செய்திருக்கிறார்கள்.

அரவிந்தில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் செவிலியர்கள் அடுத்த நோயாளியைத் தயாராக்கிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்த மேஜைதான். மேஜை வாங்குவது சுலபம். ஆனால் அதைச் சுற்றி நிற்பவர்கள் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். அவர்கள் இல்லாமல் மேஜை மட்டும் இருந்து என்ன செய்ய? அதனால்தான் லைகோ டாக்டரை மட்டும் வரச்சொல்வதில்லை. செவிலியரும் நிர்வாகியும் சேர்ந்த ஒரு குழுவாக வரவேண்டும், வந்து சில நாள் தங்கவேண்டும். இவர்களும் அந்த மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பார்க்கிறார்கள்.

போட்டியாளனுக்கு ஏன் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கலாம். பார்வை போனவர்களின் எண்ணிக்கை ஒரு மருத்துவமனையால் தீர்க்கிற அளவில் இல்லை, அதுதான் அவர்கள் கணக்கு. ஜெராக்ஸ் மிஷின் விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

போன கார்த்திகையில் ஆதார் நகல் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். நல்ல மழை. பேப்பர் சிக்கியது. பையன் இழுத்துப் போட்டான், மறுபடி சிக்கியது. பின்னால் பேப்பர் அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அண்ணனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"பல்பு எதுக்கு தம்பி?"

"பேப்பர் சிக்காம இருக்க சார். எப்பவும் எரியணும்னு ஓனர் சொல்லியிருக்காரு."

எட்டிக் கை வைத்துப் பார்த்தேன். எல்.இ.டி. பல்பு, பேருக்குக்கூடச் சூடில்லை. "இது சூட்டுக்காக வைக்கிறது தம்பி, வெளிச்சத்துக்கு இல்ல" என்றேன்.

அவன் பல்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அதை முதல்லயே சொல்லியிருந்தா கதவையாவது மூடி வெச்சிருப்பேனே சார்" என்றான்.

வணக்கம்.