எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொன்னவர் மக்கள் சேவகரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். போன காணொளியில் அமெரிக்க செனட்டராக இருந்த டாம் கோபர்ன் பற்றிக் கொஞ்சம் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பொதுவாழ்வுக்கு உதாரணம் என்று அவரைச் சொன்னீர்கள். ஆனால் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் தற்கொலையைத் தடுக்க வந்த மசோதாவை அவர் தனி ஆளாக நிறுத்தி வைத்தார். எதற்கெடுத்தாலும் செலவு செய்யாதே என்று சொல்கிறவர் எப்படி மக்கள் சேவகர் ஆவார்?"

நல்ல கேள்வி. நேயர் சொன்ன சம்பவம் உண்மை. அதை மறைத்துவிட்டு நான் அவரைப் புகழ முடியாது, அதனால் அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் அந்த மனிதர் எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொன்னார் என்பது தெரிந்தால்தான் எங்கே அவர் சரி, எங்கே தவறு என்று பேச முடியும்.

கோபர்ன் ஓக்லஹோமா மாநிலத்தில் மஸ்கோகி என்ற ஊரில் பிரசவம் பார்த்த டாக்டர். குடியரசுக் கட்சி, அதிலும் அழுத்தமான பழமைவாதி. 1994 தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தபோதே மூன்று முறைக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார், சொன்னபடியே 2001 ஜனவரியில் கிளம்பிப் போய்விட்டார். தேர்தலில் தோற்று வெளியேறவில்லை, நின்றிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய நிலையில் விலகினார், இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம் 2004-ல் செனட்டுக்கு நின்று ஜெயித்தார். அங்கேயும் இரண்டு தடவைதான் என்று சொன்னார். இரண்டாவது தவணையில் இன்னும் இரண்டு வருடம் மீதி இருக்கும்போதே, 2015 ஜனவரியில் பதவியை விட்டார். 2020-ல் இறந்தார்.

பதவியில் இருந்தபோதும் பிரசவம் பார்ப்பதை அவர் விடவில்லை. செனட்டர் வெளியே தொழில் செய்து சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்ததால் காசு வாங்காமல் பார்த்தார், அதையும் செனட்டின் நெறிமுறைக் குழு ஆட்சேபித்தது. மொத்தம் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிரசவம் பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அரசியலைத் தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது, அது கொஞ்ச காலம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வேலை, இதுதான் அவருடைய நம்பிக்கை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அரசுச் செலவு பற்றி அவர் சொன்னது முழுக்க இந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது. பலரும் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அவருக்கு அது ஒரே விஷயம். அடுத்த தேர்தலில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவனால் யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்கிற எல்லோருக்கும் கொடுப்பான், அதுவும் தன் பணத்தை இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். உடைத்தவனுக்குப் புண்ணியம், தேங்காய்க்காரனுக்கு நஷ்டம். அமெரிக்க பட்ஜெட்டில் அந்தத் தேங்காய்க்காரன் பெரும்பாலும் இன்னும் ஓட்டுரிமை வராத குழந்தை, ஏனென்றால் செலவில் கணிசமான பகுதி கடன் வாங்கிச் செய்வது.

இதற்கு நல்ல உதாரணம் 2005-ல் நடந்தது. அலாஸ்காவில் கெட்சிகன் என்று ஒரு சின்ன ஊர், அதற்கு எதிரே கிராவினா தீவு. தீவில் ஏறக்குறைய 50 பேர் இருந்தார்கள், ஊரின் விமான நிலையமும் அங்கேதான் இருக்கிறது, படகில் சில நிமிடத்தில் போய்விடலாம். அந்தத் தீவுக்குப் பாலம் கட்ட அந்த வருட நெடுஞ்சாலைச் சட்டத்தில் 22.3 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். இப்படி ஓர் உறுப்பினர் தன் தொகுதிக்கென்று பெயர் குறிப்பிட்டு ஒதுக்கிக்கொள்ளும் பணத்துக்கு அங்கே ‘இயர்மார்க்’ என்று பெயர். அந்தச் சட்டம் வந்த மாதத்திலேயே கத்ரீனா புயல் வந்து லூசியானாவில் பாஞ்சர்ட்ரெய்ன் ஏரியின் மேல் இருந்த இரட்டைப் பாலத்தை உடைத்துப் போட்டது. கோபர்ன் எழுந்து, அலாஸ்கா பாலங்களின் பணத்தை எடுத்து இந்த உடைந்த பாலத்துக்குக் கொடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். அவர் செனட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலாஸ்காவின் மூத்த செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ், அவரும் இதே குடியரசுக் கட்சிதான், இது நிறைவேறினால் ராஜினாமா செய்வேன் என்று சபையில் கத்தினார். வாக்கெடுப்பு என்ன ஆனது தெரியுமா? ஆதரவு 15, எதிர்ப்பு 82.

அந்த 82 பேருக்கும் கிராவினா தீவு மேல் பாசம் என்று சொல்ல முடியாது. இன்று உன் பாலத்தில் கை வைத்தால் நாளை என் பாலத்தில் கை வைப்பார்கள் என்ற பயம்தான். கோபர்ன் சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான். இயர்மார்க் பணம் மொத்த பட்ஜெட்டில் ஒரு சதவீதம்கூட வராது, ஆனால் தன் ஊருக்கு ஒரு பாலம் வாங்கிக்கொண்டவர் அந்தப் பெரிய மசோதா முழுவதற்கும் வாயை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டியிருக்கும். தோற்றது கோபர்ன்தான், ஆனால் நாடு முழுக்கச் சிரித்துப் பேசிய பிறகு அந்தப் பாலம் கட்டப்படவே இல்லை, 2007-ல் கைவிட்டார்கள். 2011 முதல் இயர்மார்க்குக்கே தடை வந்தது. பத்து வருடம் கழித்து, 2021-ல், வேறு பெயரிலும் கூடுதல் விதிகளோடும் திரும்பவும் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடை இருந்த அந்தப் பத்து வருடத்தில் கடன் ஏறிக்கொண்டேதான் போனது, ஆகவே அந்தத் தடை மட்டும் பெரிய மருந்து என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது வேறு ஒன்று. 2006-ல் அவரும், அப்போது புது செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசு யாருக்கு மானியம் கொடுக்கிறது, யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கிறது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கிற மாதிரி ஓர் இணையதளத்தில் போட வேண்டும் என்பதுதான் சட்டம். அரசியலில் இரண்டு பேரும் இரண்டு துருவம், ஆனாலும் கடைசிவரை நண்பர்கள். அந்த இணையதளம் இன்றும் இயங்குகிறது. செலவு கூடாது என்பவருக்கும் செலவு வேண்டும் என்பவருக்கும் கணக்கைப் பார்ப்பதில் என்ன சண்டை இருக்க முடியும்?

இன்னொன்று, ஒரே வேலைக்குப் பத்துத் துறை. நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு வருடா வருடம் இரட்டிப்பு வேலைகளைப் பட்டியல் போட வேண்டும் என்று 2010-ல் அவர் ஒரு விதியைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார். 2011-ல் வந்த முதல் அறிக்கையிலேயே ஆசிரியர் தரத்தை உயர்த்த மட்டும் 10 துறைகளில் 82 திட்டங்கள் இருப்பது தெரிந்தது. இதில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யாருக்குத் தெரியும்? புதுத் திட்டம் அறிவித்தால் செய்தியில் பெயர் வரும், பழைய திட்டம் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பதவியில் நீடிக்க நினைக்கிறவர் எதைச் செய்வார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சொந்தக் கட்சிக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ராணுவச் செலவையும் வெட்ட வேண்டும், பணக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இருக்கிற வரிச் சலுகைகளையும் நிறுத்த வேண்டும் என்றார். சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்குக் கொடுத்த வரிச் சலுகையை நிறுத்த, 2011-ல் ஜனநாயகக் கட்சியின் டயான் ஃபைன்ஸ்டைனோடு சேர்ந்து திருத்தம் கொண்டுவந்து 73-க்கு 27 என்று ஜெயித்தார். சலுகையை நிறுத்துவது மறைமுக வரி உயர்வு என்று அவர் பக்கத்து ஆட்களே அவரைத் திட்டினார்கள். 2013-ல் அவருடைய ஓக்லஹோமாவிலேயே, மூர் என்ற ஊரைச் சூறாவளி சின்னாபின்னமாக்கியபோது, நிவாரணம் கொடுங்கள், ஆனால் அந்தப் பணத்தை வேறு செலவில் குறைத்துக்கொண்டு கொடுங்கள் என்றுதான் சொன்னார். அடுத்த மாநிலத்துக்கு ஒரு நியாயம், தன் மாநிலத்துக்கு ஒரு நியாயம் என்று பேசவில்லை.

சரி, இப்போது நேயர் கேட்ட மசோதா. க்ளே ஹன்ட் என்ற அமெரிக்க மரைன் படைவீரர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர், 2011-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரில் வந்த மசோதா, முன்னாள் வீரர்களுக்கான மனநல சிகிச்சையைப் பலப்படுத்துவதற்கு. 2014 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி செனட்டுக்கு வந்தது. செனட்டில் பல மசோதாக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிப்பதால்தான் நகர்கின்றன, ஒருவர் ஆட்சேபித்தாலும் நின்றுவிடும். கூட்டத்தொடர் முடிய சில நாட்களே இருந்தன. கோபர்ன் ஆட்சேபித்தார், மசோதா அந்த வருடம் செத்தது.

அவர் சொன்ன காரணம் இது: இந்தத் திட்டங்களைச் செய்ய முன்னாள் வீரர்கள் துறைக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது, செய்யாமல் இருப்பதுதான் பிரச்சினை, அதைத் தட்டிக் கேட்காமல் இன்னொரு சட்டம் போட்டால் வீரர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த 82 திட்டங்களை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். அந்தத் துறை மீதிருந்த கோபமும் பொய்யில்லை, அதே 2014-ல்தான் வீரர்கள் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நாட்களை மறைத்துப் பொய்க் கணக்கு எழுதியது வெளியே வந்து அந்தத் துறையின் அமைச்சரே ராஜினாமா செய்தார்.

ஆனாலும் இந்த இடத்தில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். மசோதாவின் செலவு ஏறக்குறைய 2.2 கோடி டாலர். கிராவினா பாலத்துக்கு எழுதிய தொகையில் பத்தில் ஒரு பங்கு. பாலம் தாமதமானால் ஜனங்கள் படகில் போவார்கள், சிகிச்சை தாமதமானால் காத்திருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். டாக்டரான அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. துறை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அதைக் கேட்பதற்கு வேறு வழி இருந்தது, அந்த வீரரின் தாய் கண்ணெதிரே மன்றாடிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்தியிருக்க வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலைப் பிடித்ததால்தான் அவர் நேர்மையானவர் என்று பெயர் வாங்கினார், அந்த அளவுகோலைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டிய நாளிலும் அவர் வைக்கவில்லை.

அதனால் நேயருக்கு என் பதில் இதுதான்: அவரை மக்கள் சேவகர் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, இந்த மசோதாவில் நீங்கள் சொல்வதே சரி. இரண்டு மாதம் கழித்து, 2015 பிப்ரவரியில், அதே மசோதா செனட்டில் 99-க்கு பூஜ்யம் என்று நிறைவேறியது, ஒபாமா கையெழுத்துப் போட்டார். அப்போது கோபர்ன் செனட்டில் இல்லை, சொன்னபடி ஊருக்குப் போயிருந்தார்.