வால்டர் டல்: தப்பான பட்டம் வேண்டாம் மக்களே!

வணக்கம் மக்களே! இன்னைக்கு மேட்ச் ரிவ்யூ நாள்தான், அது நாளைக்கு வரும். ஆளாளுக்கு ஒரே ரீலை அனுப்பியிருக்கீங்க: 'இங்கிலாந்தோட முதல் கறுப்பின ஃபுட்பால் வீரர் வால்டர் டல்'. பார்த்ததும் சுர்ருனு ஏறிடுச்சு! கறுப்பின கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டனை எங்க விட்டீங்க? டல் பொறந்தது 1888-ல. மறு வருஷமே வார்ட்டன் ராதர்ஹாம் கிளப்ல காசு வாங்கிட்டு ஆடிட்டாரு.

டல்லுக்கு இந்தப் பட்டமே தேவையில்லங்க. அப்பா பார்படோஸ்லேர்ந்து வந்த தச்சர், அம்மா கென்ட்காரங்க. ஒன்பது வயசுல ரெண்டு பேருமே இல்ல. லண்டன்ல அனாதை இல்லம், அப்புறம் கிளாப்டன் கிளப், 1909-ல டாட்டன்ஹாம்.

சம்பளத்தைக் கேளுங்க. கையெழுத்துக்கு 10 பவுண்டு, வாரம் 4 பவுண்டு. இவ்ளோதானான்னு நினைக்காதீங்க! அப்போ லீக்ல யாருக்குமே வாரம் 4 பவுண்டுக்கு மேல தரக்கூடாது, அதான் விதி. எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் சரி. இல்லத்துல வளர்ந்த 21 வயசுப் பையனுக்கு எடுத்த எடுப்புலயே உச்ச சம்பளம்! அந்த 4 பவுண்டை நினைச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கு.

அக்டோபர்ல பிரிஸ்டல்ல ஆடும்போது கூட்டம் நிறத்தைச் சொல்லி அசிங்கமா கத்துச்சு. அதுக்கப்புறம் சீக்கிரமே ரிசர்வ் டீமுக்குத் தள்ளிட்டாங்க. கத்தினவனை விட்டுட்டு ஆடினவரை உட்கார வெப்பீங்களா? டாட்டன்ஹாமுக்கு மொத்தமே 10 லீக் மேட்ச், 2 கோல். 1911-ல நார்தாம்ப்டன் போயி நூறு மேட்ச்சுக்கு மேல ஆடினாரு. கூப்பிட்டது யாரு? அப்போ நார்தாம்ப்டன் மேனேஜரா இருந்து, பின்னால ஆர்சனலுக்கும் மேனேஜரான ஹெர்பர்ட் சாப்மன்! ஆர்சனல் ஃபேன்ஸ், கேட்குதா?

முதல் உலகப் போர் வந்துச்சு. 1914 டிசம்பர்ல, ஃபுட்பால் வீரர்களுக்காக ஆரம்பிச்ச ராணுவப் பிரிவான ஃபுட்பால் பட்டாலியன்ல சேர்ந்தாரு. மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோட 17-ஆவது பட்டாலியன். பிரான்ஸ்ல நடந்த சோம் போர்லயும் இருந்தாரு. ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவங்க அதிகாரியாகக் கூடாதுன்னு ராணுவ விதியே இருந்துச்சு. அதை மீறித்தான் 1917 மே மாசம் செகண்ட் லெப்டினன்ட் ஆனாரு! இத்தாலியில பியாவே ஆத்தங்கரையில அவர் காட்டின தைரியத்தையும் நிதானத்தையும் ஜெனரல் லாஃபோர்டு எழுத்துலயே பாராட்டினாரு.

1918 மார்ச் 25, பிரான்ஸ்ல சுட்டுட்டாங்க. 29 வயசு. லெஸ்டர் ஃபாஸ் கிளப்போட பழைய கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம் அவரை இழுத்துட்டு வரப் பார்த்தாரு, முடியல. உடல் கிடைக்கவே இல்ல. பிரான்ஸ்ல அராஸ் ஊர் போர் நினைவுச் சுவர்ல பேர் இருக்கு. நார்தாம்ப்டன் ஸ்டேடியம் பக்கத்துல 1999-ல நினைவுச் சின்னம் வெச்சாங்க.

ஆங், அண்ணன் எட்வர்டைச் சொல்லவே இல்லையே! ரெண்டு பேரும் ஒரே இல்லத்துல இருந்தவங்க. அவரை கிளாஸ்கோ குடும்பம் ஒண்ணு தத்தெடுத்துச்சு, பல் டாக்டர் ஆனாரு. அவருக்குத் தனி வீடியோ போடுறேன், சப்ஸ்க்ரைப் பண்ணி வைங்க.