செவ்வாய்க்காரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை

(நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது. கைதட்டல் வந்த இடங்களையும் வராத இடங்களையும் குறிக்கவில்லை.)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'நாடறிந்த பேச்சாளர்' என்று சொல்லிப் பயமுறுத்திய செயலாளர் அவர்களே, மைக் சத்தம் போடாமல் காத்துக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையை விட்டு நகராத பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நூலகர் ஐயாவை விட்டுவிட்டேன். அவரைக் கடைசியில் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வானொலி நாடகமும் பொதுமக்கள் பீதியும்'. மூன்று கேள்விகள் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாடகத்தை ஜனங்கள் ஏன் செய்தி என்று நம்பினார்கள்? எத்தனை பேர் நம்பினார்கள்? அதற்குப் பிறகு சட்டம் என்ன செய்தது?

இந்தத் தலைப்பில் பேசுகிறவன் 'எப்பொருள் யார்யார்வாய்' என்று 423ஆம் குறளில்தான் தொடங்குவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நம் பாட்டிமார் சொன்னதே போதும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதலில் காது. 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இரவு எட்டு மணி. சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழுவினரின் நாடகம். வெல்ஸுக்கு அப்போது 23 வயது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் எழுதிய, செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் மேல் படையெடுக்கும் நாவல்தான் கதை. அவரும் வெல்ஸ், இவரும் வெல்ஸ், உறவெல்லாம் இல்லை. மூலக் கதை நடப்பது இங்கிலாந்தில். நாடக எழுத்தாளர் ஹோவர்ட் கோச் அதை நியூஜெர்சியில் உள்ள குரோவர்ஸ் மில் என்ற சிற்றூருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தொடக்கத்திலேயே இது நாடகம் என்று தெளிவாகச் சொன்னார்கள். கதை அடுத்த வருடம் நடப்பதாகவும் சொன்னார்கள். அப்புறம் வானிலை அறிக்கை, அப்புறம் ஒரு ஓட்டலிலிருந்து நடன இசை. இசையை வெட்டிக்கொண்டு சிறப்புச் செய்தி: செவ்வாயில் வெடிப்புகள். மறுபடி இசை. மறுபடி செய்தி. கொஞ்ச நேரத்தில் குரோவர்ஸ் மில்லில் ஏதோ விழுந்துவிட்டது. அங்கே போய் நின்று மூச்சு வாங்க வர்ணிக்கிற நிருபரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறது. அதன்பின் சில நொடி ஒன்றுமே இல்லை. வானொலியில் அந்த அமைதியைக் கேட்டுப் பாருங்கள். எந்த வெடிச் சத்தமும் அதற்கு ஈடாகாது. நிருபராக நடித்தவர் முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது பதிவான நேரடி வர்ணனையைக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி எடுத்தவர்.

இங்கே ஒரு விஷயம், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. என்ன நிகழ்ச்சி தெரியுமா? எட்கர் பெர்கன் என்பவர் வாயை அசைக்காமல் தன் பொம்மையைப் பேசவைப்பார். மடியில் பொம்மை, பெயர் சார்லி மெக்கார்த்தி. ஐயா, நன்றாக யோசியுங்கள். வாயை அசைக்காமல் பேசும் வித்தை, அதுவும் வானொலியில்! அவர் வாயை அசைத்தாரா, அசைக்கவில்லையா, யார் பார்த்தது? அந்த மனிதர் நிம்மதியாக வாயைத் திறந்து பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிப் போயிருக்கலாம். பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் கோடிக்கணக்கான ஜனம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து கேட்டது, 'ஆகா, உதடே அசையவில்லை' என்கிற மாதிரி. அப்படிப்பட்ட ஜனத்துக்குச் செவ்வாய்க்காரன் எம்மாத்திரம்! அந்தப் பொம்மை பேசி முடித்துப் பாட்டு தொடங்கியதும் பலர் முள்ளைத் திருப்பினார்கள் என்று சொல்வார்கள். திருப்பியவர் காதில் விழுந்தது நாடகத்தின் முதல் அறிவிப்பு அல்ல, நடுவில் நிற்கிற நிருபர். விளம்பரதாரர் இல்லாத நிகழ்ச்சி என்பதால் விளம்பரத்துக்காக நிறுத்தவும் இல்லை. அடுத்தபடி 'இது நாடகம்' என்ற குரல் வர ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆனது.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் செவ்வாயில் வெடித்து, பூமிக்கு வந்து இறங்கி, ராணுவம் திரண்டு, 7,000 வீரர்களில் 120 பேர் மட்டுமே மிஞ்சினார்கள். கடிகாரத்தைப் பார்த்திருந்தாலே போதும். ஆனால் ஒரு மாதம் முன்புதான் மியூனிக் நெருக்கடி, ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு பகுதியைக் கேட்டு ஐரோப்பா யுத்தத்தின் விளிம்புக்குப் போய் வந்த சமயம். நிகழ்ச்சியை நிறுத்திச் சிறப்புச் செய்தி வந்தால் அது யுத்தச் செய்தி என்று காது பழகியிருந்தது. செவ்வாய்க்காரன் என்ற சொல்லே காதில் விழாமல், ஜெர்மனிக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்தவர்களும் உண்டு.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து நிலவியல் பேராசிரியர்கள் இரண்டு பேருக்கு விண்கல் விழுந்ததாகத் தகவல் போனது. கருவிகளை எடுத்துக்கொண்டு இருட்டில் கிளம்பினார்கள். அங்கே கல் இல்லை. கல்லைத் தேடி வந்த வேறு ஆட்கள்தான் இருந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஹாரி ஹெஸ், கடலடித்தளம் விரிந்துகொண்டே போகிறது என்ற கருத்தைப் பின்னாளில் முன்வைத்தவர். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அன்றிரவு பழமொழியின் மூன்றாவது பாதியைச் செய்தவர் அவர்.

சரி, இரண்டாவது கேள்வி, கண். மறுநாள் காலைப் பத்திரிகைகள் நாடே பீதியில் ஓடியதாகத் தலைப்புப் போட்டன. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. நாமும் இத்தனை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அன்றிரவு ஒரு நிறுவனம் ஐயாயிரம் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசிக் கணக்கெடுத்தது. நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். மீதிப் பேர் பொம்மையோடு இருந்தார்கள், அல்லது வானொலியையே போடவில்லை. பயந்தவர்கள் நிச்சயம் உண்டு. காவல் நிலையத்துக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் அழைப்புகள் குவிந்தன. ஆனால் தெருவெல்லாம் ஜனம் ஓடியது என்பது பெரும்பாலும் அச்சில் ஓடியதுதான். விளம்பரப் பணம் வானொலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 'வானொலியை நம்பாதே' என்று சொல்ல பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம். காதால் கேட்டதும் பொய், அதைப் பற்றிக் கண்ணால் படித்ததும் பொய்!

அதற்காக இதெல்லாம் விளையாட்டு என்று போய்விடக் கூடாது. 1949 பிப்ரவரி 12, ஈக்வடார் நாட்டுத் தலைநகர் கீட்டோ. அதே கதையை ரேடியோ கீட்டோ உள்ளூர் ஊர்ப்பெயர்கள் போட்டு ஒலிபரப்பியது. ஜனம் தெருவுக்கு வந்தது. நாடகம்தான் என்று நிலையம் சொன்னதும் பயம் கோபமாகிவிட்டது. வானொலி நிலையம் எல் கொமெர்சியோ பத்திரிகைக் கட்டடத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். நம்பியபோது அல்ல, ஏமாந்தோம் என்று தெரிந்தபோது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மனதை விட்டுப் போகாத இடம் இதுதான்.

இன்னும் பின்னால் போனால் 1926 ஜனவரி 16. எடின்பரோவிலிருந்து பிபிசியில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், லண்டனில் கலவரம், பிக் பென் கோபுரம் தகர்ந்தது என்று செய்தி பாணியில் ஒரு நகைச்சுவை படித்தார். பனி கொட்டியதால் மறுநாள் பல இடங்களுக்குப் பத்திரிகை போய்ச் சேரவில்லை. பத்திரிகை வராததே லண்டன் அழிந்ததற்குச் சாட்சி ஆகிவிட்டது!

இப்போது கிழமையைக் கவனியுங்கள். 1926இல் சனிக்கிழமை. 1938இல் ஞாயிற்றுக்கிழமை. 1949இல் சனிக்கிழமை. நூலகர் ஐயா, சிரிக்கிறீர்கள். நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தீர விசாரிப்பதே மெய் என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கே போய் விசாரிப்பது? வதந்தி வாரக் கடைசியில் வருகிறது. நம் நூலகமோ சனிக்கிழமை மதியம் பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கிறது. பனி கொட்டாமலேயே நமக்கு இரண்டு நாள் பத்திரிகை இல்லை. கைபேசி இருக்கிறதே என்பீர்கள். வதந்தி வருவதே அதில்தான் ஐயா. நான் கேட்பது ஞாயிறு மாலை மூன்று மணி நேரம். ஒரு விளக்கு, ஒரு மேசை, பத்திரிகைகள், 'இது உண்மையா?' என்று கேட்டால் சேர்ந்து தேடிப் பார்க்க ஒரு ஆள். இதற்கு மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று முறை பதிலும் வந்தாயிற்று.

மூன்றாவது கேள்வி சட்டம். அமெரிக்க வானொலி ஆணையம் விசாரித்தது, யாரையும் தண்டிக்கவில்லை. வெல்ஸ் நிகழ்ச்சிக்கு ஒரு சூப் கம்பெனி விளம்பரதாரராக வந்து சேர்ந்தது. இதில் பேச நிறைய இருக்கிறது. தலைவர் இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் அழைத்தால் சொல்கிறேன்.

நான்காவது மனு பின்வரிசையிலிருந்து வருகிறது. முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா செயலாளருடையது, மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.