மின்சாரம் போனால் தண்ணீரும் போகும்

நேயர்களுக்கு வணக்கம்.

பனிப்புயல் வந்து மின்சாரமும் தண்ணீரும் ஒருசேர நின்றுபோனால் ஒரு குடும்பம் எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள். நான் ஹூஸ்டன் பக்கம் குடிநீர் வழங்கலில் வேலை பார்க்கும் பொறியாளர். குழாயோடும் வால்வோடும் பம்போடும் பழகியே காலம் கழித்தவள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் அடுப்பில் எதையாவது பார்க்க நீங்கள் எழுந்து போனாலும் இது மட்டும் காதில் விழுந்திருக்கட்டும். உங்கள் வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தம் கையால் அதை மூடித் திறந்து பார்த்திருக்க வேண்டும். இதைத் திரும்பவும் சொல்வேன்.

2021 பிப்ரவரி வாரத்தை டெக்சஸில் கழித்தவர்களுக்கு நான் எதையும் நினைவூட்டத் தேவையில்லை. அதன்பிறகு இங்கே குடிவந்தவர்களும் ஏராளம், அவர்களுக்காகச் சொல்கிறேன். பிப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு குளிர் இறங்க இறங்க, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. நிலக்கரி நிலையங்கள் நின்றன, காற்றாலைகளில் பனி படிந்தது. ஓர் அணு உலைகூட, நீரின் அழுத்தத்தை அளக்கும் சின்னஞ்சிறு குழாய் உறைந்ததால் நின்றுபோனது. திங்கள் அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். மின்கட்டமைப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். மின் உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்காவிட்டால் அது இறங்கும். அன்று அது 59.4க்கும் கீழே இறங்கி 4 நிமிடம் 23 வினாடி அங்கேயே கிடந்தது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மிச்சமிருந்த நிலையங்களும் தாமாகவே கழன்றிருக்கும். மாநிலம் முழுவதும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்திருக்கும்.

சுழற்சி முறையில் மின்வெட்டு என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் மருத்துவமனைகள் இருக்கும் மின்தடங்களைத் துண்டிக்க முடியாது. மற்றத் தடங்களை மீண்டும் இணைக்கவும் மின்சாரம் இல்லை. அதனால் சுழற்சி சுழலவே இல்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. பல வீடுகளில் அது நாள்கணக்கில் வரவில்லை. செவ்வாய் காலை ஹூஸ்டனில் 13 டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் சுழியத்துக்குக் கீழே பத்துக்கும் மேல். "எங்கள் வீட்டில் எரிவாயு ஹீட்டர்தானே, கரண்ட் போனால் என்ன" என்று இருந்தவர்களும் நடுங்கினார்கள். வெப்பக்காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே!

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

என் மாமியார் பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், எங்களோடுதான் இருக்கிறார். ராமநாதபுரம் சீமையில் பிறந்தவருக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் குளிர் என்ற செய்தி வந்ததுமே அவர் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். முதலில் இட்லிப் பானை. அடுத்து இரண்டு குக்கர்கள். பிறகு எவர்சில்வர் தூக்குகள், சம்படங்கள். கார் நிறுத்துமிடத்து அலமாரியின் மேல்தட்டில், விசேஷ நாளைக்கென்று சுற்றி வைத்திருந்த அண்டாவையும் இறக்கச் சொல்லித் தேய்த்துக் கழுவினார். எல்லாவற்றையும் நிரப்பி, ஒவ்வொன்றையும் தட்டுப் போட்டு மூடி, குடிக்க, சமைக்க, புழங்க என்று மூன்றாகப் பிரித்து வைத்தார். குடிக்கிற தண்ணீர் பூஜை அலமாரியின் பக்கத்தில். அங்கே கை வைக்கப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

குளியல் தொட்டியையும் விடவில்லை. அதன் அடைப்பான் லேசாகக் கசியும். ஒரு பிளாஸ்டிக் பையை நான்காக மடித்து அடைப்பானுக்கு அடியில் கொடுத்து அழுத்தினார், கசிவு நின்றது. விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே வரை நிரப்பினார்.

என் கணவர், "அம்மா, இது ஹூஸ்டன். இங்கே குழாயில் தண்ணீர் நிற்காது" என்றார்.

"ஏன் தம்பி, இங்கே தண்ணீர் தானாகவா மேலே ஏறுகிறது? மோட்டார் வைத்துத்தானே ஏற்றுகிறார்கள்? கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் வராது. ஊர் எதுவாக இருந்தால் என்ன?"

நேயர்களே, என் துறையில் பக்கம் பக்கமாக அறிக்கைகள் எழுதுகிறோம். அவர் மூன்று வரியில் சொன்னதைவிட அதிகமாக எந்த அறிக்கையும் சொல்லிவிடவில்லை. ஹூஸ்டன் தட்டையான ஊர். மலைமேல் நீர்த்தேக்கம் வைத்துத் தண்ணீரைத் தானாக இறங்கவிட இங்கே வழியில்லை. ஏரித் தண்ணீரானாலும், புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானாலும் பம்ப் தள்ளினால்தான் வீட்டுக்கு வரும். அந்த வாரம் பல இடங்களில் பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர்களும் குளிரில் மக்கர் செய்தன. இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடித்த குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. குழாயில் அழுத்தம் எப்படி நிற்கும்?

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை தண்ணீர் நின்றது. அரிசி களைந்த தண்ணீரில் தட்டு கழுவி, தட்டு கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம். கழிப்பறைக்கு ஒருமுறை ஊற்ற ஆறு லிட்டர் வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், குளியல் தொட்டித் தண்ணீரின் அருமை புரியும். வெளியேதான் இவ்வளவு பனி கிடக்கிறதே, உருக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். உருக்கலாம். ஆனால் பத்து வாளிப் பனி உருகினால் ஒரு வாளித் தண்ணீர் தேறும், அவ்வளவுதான். அதைக் கழிப்பறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு ஓட இடமில்லை. அங்கே அழுத்தம் ஏறுகிறது, குழாய் பிளக்கிறது. குளிர் நாளில் குழாயைச் சொட்டவிடச் சொல்வதே அந்த அழுத்தம் வெளியேறத்தான். ஆனால் ஊரே சொட்டவிட்டால் ஊருக்கே அழுத்தம் குறையும். மின்சாரமும் போய், வீடும் குளிர்ந்துவிட்டால் சொட்டவிடுவதைவிட நல்ல வழி, முதன்மை வால்வை மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து வீட்டுக் குழாய்களைக் காலி செய்வது. குழாயில் தண்ணீர் இல்லையென்றால் வெடிக்க எதுவும் இல்லை.

வடக்கே குளிர் மாநிலங்களில் வீடுகளுக்கு நிலவறை உண்டு, குழாய்கள் அங்கே கதகதப்பாக ஓடும். இங்கே வீடுகள் நேராகக் கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கின்றன. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் கூரைக்கு அடியில் பரண்வழியாகத்தான் போகிறது. வெயிலுக்காகக் கட்டிய வீடு, குளிர் முதலில் நுழைவது அந்தப் பரணில்தான். இன்னொன்றும் கவனியுங்கள். உறைந்திருக்கும்வரை வெடிப்பு தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். வெயில் வந்து உருகும்போதுதான் கொட்டும்.

அந்த வாரம் அப்படித்தான் நடந்தது. வெயில் எட்டிப் பார்த்த அன்று அடுத்த தெருத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து அழைப்பு. புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள். கூடத்தின் கூரைப்பலகை ஈரத்தில் தொப்பைபோல் இறங்கி, நடுவில் கிழிந்து, தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. கணவனும் மனைவியும் வீடு முழுக்க வால்வைத் தேடுகிறார்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் பார்க்கிறார்கள், துணி துவைக்கும் அறையில் பார்க்கிறார்கள். அது நடைபாதை ஓரப் புல்தரையில், இரும்பு மூடிக்கு அடியில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டை விற்கிறவர்கள் நீச்சல் குளத்தைக் காட்டுகிறார்கள், இதைக் காட்டுவதில்லை.

நான் வால்வைத் திருப்பும் மீட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூடியின் விளிம்பில் பனி இறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் குத்தி நெம்பி எடுத்தோம். உள்ளே பாதிக்கு மண். எறும்புப் புற்று கட்டி மீட்டரையே மூடியிருந்தது. கையுறையோடு மண்ணை வாரி வாரிப் போட்டோம். அவர்களுடைய சின்னப் பெண் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். வால்வின் தலை தென்பட்டதும் சாவியை மாட்டிக் கால்சுற்று திருப்பினேன். உள்ளே இருந்து அவள் அம்மா, "நின்றுவிட்டது, நின்றுவிட்டது" என்று கத்தினார். அதற்குள் கூடத்துத் தரையும் சோபாவும் போயே போயின. முதல் ஐந்து நிமிடத்தில் மூடியிருந்தால் ஒரு கூரைப்பலகையோடு முடிந்திருக்கும். அந்தப் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். குளிர்காலம் தொடங்குமுன் அவள்தான் மூடியைத் திறந்து, மண் வாரி, வால்வைத் திருப்பிப் பார்த்து மூடுகிறாள்.

மீட்டர் சாவி என்பது ஒரு நீண்ட டி வடிவக் கம்பி. வீட்டுச் சாமான் கடையில் மலிவாகவே கிடைக்கும். வால்வின் தலை குழாயின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இவ்வளவுதான் பாடம். சில வீடுகளில் மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரருக்கென்றே தனி வால்வு இருக்கும், இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்றே மேலாளரிடம் கேளுங்கள். இருட்டில், குளிரில், கூரை கொட்டும்போது முதன்முதலாக இதைத் தேடக் கூடாது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: எல்லோரும், தம் கையால், ஒருமுறை.

குடிதண்ணீர் தீர்ந்துவிட்டால் வெந்நீர்த் தொட்டியை நினையுங்கள். சாதாரண வீட்டுத் தொட்டியில் 40, 50 காலன் இருக்கும், அதாவது 150 லிட்டருக்குக் குறையாது. மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்தி, உள்ளே வரும் வால்வை மூடி, மாடியில் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் வரும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கலாம், கவனம். முதலில் வரும் கலங்கலை விட்டுவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரின் அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்கு, கீழே போனால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வரும். அழுத்தம் குறைந்த குழாய்க்குள் விரிசல் வழியாக வெளித்தண்ணீர் நுழையக்கூடும். ஹூஸ்டனில் அந்த அறிவிப்பு 17ஆம் தேதி வந்து 21இல்தான் நீங்கியது. தளதளவென்று இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இருந்தாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். அந்தப் புயலில் டெக்சஸில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. பெரும்பாலோர் குளிரில். 19 பேர் கார்பன் மோனாக்சைடால். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, தலைசுற்றல், தூக்கம், பிறகு ஒன்றுமில்லை. வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் காரை ஓடவிட்டுக் குளிர் காயாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து எட்டி, வெளியே. எரிவாயு அடுப்பில் சமையுங்கள், அதை வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். எல்லோரும் ஒரே உள்ளறையில் மெத்தைகளைப் போட்டு, கதவுக்குப் போர்வை தொங்கவிட்டுப் படுத்தால் போதும். நாங்கள் அப்படித்தான் படுத்தோம்.

மருந்துகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், இரண்டு வார்த்தைதான் சொல்ல முடியும். இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் போடக் கூடாது, எறிந்துவிடுங்கள். பனியில் நேரடியாகப் புதைத்து வைக்காதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் மின்விநியோகத்தில் அவசியத் தேவை உள்ளவர் என்று பதிந்துகொள்ளப் படிவம் உண்டு. பதிந்தாலும் மின்வெட்டு வராது என்ற உறுதி கிடையாது, ஆகவே மாற்று சிலிண்டரும் கையில் இருக்கட்டும். படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும், இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். வணக்கம்.