சோரோவில் இன்று: கேடயங்கள், கொடைப் புத்தகம், கொஞ்சம் கோபம்

வணக்கம் மக்களே. டென்மார்க்கின் ரோஸ்கில்டே ஊர் வீடியோவில், அந்த நாட்டை ஆண்ட மார்கிரெட்டே அரசியின் கல்லறையைக் காட்டினேன் இல்லையா? அவரை முதலில் அடக்கம் செய்தது அங்கே இல்லை, சோரோ மடத்தில். அதைப் பார்க்கத்தான் இன்று இங்கே வந்தேன்.

முதலில் லென்ஸ் விஷயம். செகண்ட் ஹேண்டில் 900 குரோனருக்கு வாங்கினேனே, அதே ஜூம் லென்ஸ். ஸ்டேஷனிலிருந்து மழையில் நடந்து வந்ததில் கண்ணாடி முழுக்க மூடுபனி. இருபது நிமிடம் ஸ்வெட்டருக்குள் வைத்துக் காத்திருந்தேன். தெளிந்ததும் பாருங்கள், மடத்துத் தேவாலயச் சுவரின் மேல் வரிசையாக இருக்கும் கேடயங்கள் அத்தனையும் பளிச்சென்று விழுந்தன. இந்த ஒரு ஷாட்டுக்கே 900 குரோனரும் தகும்!

அந்தக் கேடயங்கள், ஆயர் அப்சலான் பிறந்த ஹ்விடே குலத்தாரும் மற்றப் பிரபுக்களும் வைத்திருந்த சின்னங்கள். 1161இல் ஆயர் அப்சலான் எஸ்ரம் மடத்திலிருந்து சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகளை இங்கே வரவழைத்தார். ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். மடத்தைத் தொடங்கியவர் அவருடைய அப்பா அஸ்ஸர் ரிக். அப்போது அது பெனடிக்டைன் என்ற வேறொரு சபையின் மடம். கடைசிக் காலத்தில் அவரே இங்கே துறவியாகி இறந்தார். 1201இல் மகனையும் இதே தேவாலயத்தில்தான் புதைத்தார்கள்.

பிரபு மடத்துக்கு நிலம் எழுதிவைப்பார். துறவிகள் அவர் ஆன்மாவுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஜெபிப்பார்கள், தேவாலயத்துக்குள் கல்லறைக்கு இடமும் கிடைக்கும். ஆனால் அவர் கண்ணை மூடியதும் வாரிசுகள் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வந்துவிடுவார்கள். அதனால்தான் யார் எதைக் கொடுத்தார், யார் தகராறு செய்தார் என்று துறவிகள் ஒரு கொடைப் புத்தகமே எழுதிவைத்தார்கள். போர், முடிசூட்டு விழா எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். சொத்துச் சண்டையில்தான் மனிதர்கள் அப்படியே தெரிகிறார்கள்.

சரி, மார்கிரெட்டே. அப்பா நான்காம் வால்டெமாரின் உடலைச் சோரோவுக்குக் கொண்டுவந்தவர் இவர். மகன் ஓலுஃபும் இங்கேதான் இருக்கிறார். 1412இல் இறந்ததும் மார்கிரெட்டேவையும் இங்கேதான் புதைத்தார்கள். மறு வருடமே ரோஸ்கில்டே ஆயர் அரசியின் உடலை எடுத்துப்போய்த் தன் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் இங்கே, அவர் மட்டும் அங்கே. எனக்கு இது பொறுக்கவே இல்லை.

அடுத்து ஃபியென்னஸ்லெவ் ஊர்த் தேவாலயம். அங்கே சுவரோவியத்தில் ஒரு தம்பதி சின்னத் தேவாலயத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். அஸ்ஸரும் ‘இங்கே’ (Inge) என்ற பெயருடைய அவர் மனைவியும்தான் என்று சொல்வார்கள். லென்ஸைத் துடைத்துவிட்டேன், கிளம்புகிறேன்.